மருந்துக் கடைக்கு எதற்கு மினார்?

#1 ஜன்னலோர சீட்டு

அண்ணா சாலையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் பாழடைந்து நிற்கிறதே, பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடம், அதைப் பற்றித்தான் கேட்கிறேன். பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கழுத்து தானாகத் திரும்பிவிடும். சின்ன வயதில் அதைப் பழைய கோர்ட் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்டுப் பெரியவர் ஒருவர் நவாப் கட்டிய மாளிகை என்று சத்தியம் செய்தார். போன வாரம்தான் தெரிந்தது, 1897-ல் ஒரு மருந்துக் கடைக்காகக் கட்டியதாம். அப்போது பெயர் கார்டைல் கட்டடம். கடைக்காரர்கள் டபிள்யூ. ஈ. ஸ்மித் கம்பெனி.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம். இருமல் மருந்தும் சோடாவும் விற்கிற கடையின் தலையில் எதற்கு மசூதிக் கோபுரம் மாதிரி ஒரு மினார்? கட்டடக்கலை தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் விளக்குங்கள்.

#2 பழைய பேப்பர்

கட்டடத்தை வரைந்தவர் ஜே. எச். ஸ்டீஃபன்ஸ். கட்டடக் கலைஞர் ஹென்றி இர்வினோடு சேர்ந்து சென்னை உயர் நீதிமன்றத்தைக் கட்டி முடித்தவர்களில் ஒருவர். நீதிமன்றம் திறந்தது 1892-ல். ஐந்தே வருடம் கழித்து இந்தக் கடை. அதனால் சின்ன வயதில் நீங்கள் கோர்ட் என்று நினைத்ததில் தப்பே இல்லை சார், ஏறக்குறைய ஒரே கைதான்.

ஸ்மித் கம்பெனி சும்மா மாத்திரை விற்ற கடை இல்லை. மருந்து தயாரிப்பு, மொத்த வியாபாரம், சோடா, மினரல் வாட்டர் என்று பெரிய அளவில் நடத்தியவர்கள். பின்னாளில் ஸ்பென்சர் கம்பெனி அவர்களை வாங்கிக்கொண்டது. 1934-ல் கட்டடம் லாகூரைச் சேர்ந்த பாரத் இன்ஷூரன்ஸ் கைக்குப் போனது, பெயரும் மாறியது. 1956-ல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமை ஆனபோது எல்.ஐ.சி.யிடம் வந்தது. 2006-ல் இடிக்கத் தொடங்கினார்கள், பழங்காலக் கட்டடங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு நீதிமன்றம் போனது, 2010-ல் இடிக்கக் கூடாது என்று தீர்ப்பு. அதற்குப் பிறகு பத்து வருடத்துக்கு மேல் ஓடியும் யாரும் இடிக்கவில்லை, யாரும் செப்பனிடவும் இல்லை.

#3 கறார் கந்தசாமி

ஆக, வெள்ளைக்காரன் சோடா விற்ற கடையை நாம் காப்பாற்ற வேண்டும். நல்லா இருக்கு.

#4 லீட்ஸ் மருமகள்

கந்தசாமி அண்ணா, சண்டைக்கு அப்புறம் வருகிறேன். முதலில் ஜன்னலோர சீட்டு கேட்டதற்கு என்னால் முடிந்த பதில்.

நான் இருக்கும் ஊர் இங்கிலாந்தின் லீட்ஸ். இங்கே விக்டோரியா காலக் கடைகள் தெருவுக்குத் தெரு உண்டு. அவற்றின் முகப்பு எல்லாம் ஒரே இலக்கணம்தான். அடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு குட்டிச் சுவர், ஓடு பதித்தோ மரப்பலகை அடித்தோ இருக்கும். அதன் மேல் பெரிய கண்ணாடி. கண்ணாடிக்கு இருபுறமும் ஒட்டுத் தூண். தூண் தலையில் சுருள் சுருளாக ஒரு தாங்கி. இரண்டு தாங்கிக்கும் நடுவே சற்று முன்னால் சாய்ந்த பெயர்ப்பலகை. கதவு மட்டும் நாலடி உள்வாங்கி இருக்கும். மழைக்கு ஒதுங்குவது போல நீங்கள் அங்கே போய் நின்றால் மூன்று பக்கமும் சரக்குதான். உள்ளே போகாமல் வர மனசு வராது. கடைக்கு மேலே இரண்டு மாடி, அதில் கடைக்காரர் குடும்பம்.

இந்தப் பெரிய கண்ணாடி எப்படி வந்தது என்பது தனிக் கதை. கண்ணாடிக்கு விதித்திருந்த தீர்வையை 1845-ல் இங்கிலாந்து நீக்கியது. 1851-ல் ஜன்னல் வரியும் போனது. அதற்கு முன் சின்னச் சின்னச் சதுரங்களாக இருந்த கடை ஜன்னல், ஒரே பலகைக் கண்ணாடியாக மாறியது. வார்ப்பிரும்புத் தூணும் அதே காலத்தில் மலிந்தது. கீழே சுவரே இல்லாமல் கண்ணாடி, மேலே இரண்டு மாடி செங்கல், நடுவில் பாரத்தைத் தாங்க ஒல்லியான இரும்புத் தூண். முதன்முதலில் பார்த்தபோது எனக்குப் பயமாகத்தான் இருந்தது. தலை கனத்து இடுப்பு இல்லாத ஆள் மாதிரி.

ஆனால் கார்டைல் கட்டடத்தில் அந்த முகப்பு எதுவும் இல்லையே. ஒரே காலம், ஒரே ராணி. ஏன் இத்தனை வேறுபாடு? எனக்குப் பதில் தெரியாது.

#5 வாடகை பாக்கி

வெயில்.

#6 லீட்ஸ் மருமகள்

ஒரு சொல்லில் முடித்துவிட்டீர்களே!

#7 சுண்ணாம்புக் கரண்டி

வெயில் பாதிக் காரணம். மீதிக் காரணம் குதிரை வண்டி.

பழைய கட்டடங்களில் பூச்சு வேலையும் கூரை வேலையும் செய்கிறவன் நான், முப்பது வருடத் தொழில். படித்த ஆர்க்கிடெக்ட் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இங்கிலாந்துக் கடைக்கு வாடிக்கையாளர் நடந்து வந்தார். நடைபாதையில் நடக்கிறவருக்குக் கண் உயரத்தில் என்ன தெரிகிறதோ அதுதான் விளம்பரம். அதனால் பணமெல்லாம் கீழ்த்தளத்துக் கண்ணாடியில் போனது. மவுண்ட் ரோட்டு, அதாவது இன்றைய அண்ணா சாலையின், பெரிய கடைகளுக்கு அன்றைய வாடிக்கையாளர் நடந்து வரவில்லை. துரையும் துரைசாணியும் ஜமீன்தாரும் வக்கீலும் சாரட்டில் வந்து இறங்கினார்கள். கடையைத் தெருவோடு ஒட்டிக் கட்டாமல், காம்பவுண்டு விட்டு உள்தள்ளி, வண்டி வந்து நிற்கப் போர்டிகோ வைத்தார்கள். தெருவிலிருந்து அவ்வளவு தள்ளி இருந்தால் கண்ணாடிக்குப் பின்னால் எதை அடுக்கி என்ன பயன்? வண்டியில் வருகிறவருக்குத் தூரத்திலிருந்து தெரிவது கட்டடத்தின் தலைதான். அதனால் இங்கே பணம் தலையில் போனது. கூண்டு, கும்மட்டம், மினார் எல்லாம் பெயர்ப்பலகை வேலை செய்கிறது. ஒரு வரி எழுத்து இல்லாத பெயர்ப்பலகை.

வெயிலைப் பற்றி வாடகை பாக்கி சொன்னதும் சரி. மருந்து சரக்கு. கண்ணாடிக்குப் பின்னால் சித்திரை வெயிலில் வைத்தால் களிம்பு உருகும், சீசாவில் இருப்பது நிறம் மாறும். அதனால் முன்னால் தாழ்வாரம் போட்டு, நிழலை ஒரு அறை அளவுக்கு அகலமாக்கி, அதற்கு உள்ளேதான் கடை. அங்கே கண்ணாடி செய்த வேலையை இங்கே நிழல் செய்தது.

#8 ஜன்னலோர சீட்டு

எழுத்து இல்லாத பெயர்ப்பலகை! இனி அந்தப் பக்கம் போகும்போது வேறு மாதிரிதான் தெரியும் போல.

#9 பழைய பேப்பர்

கரண்டி சார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது 1895 மே மாதம். அதாவது கார்டைல் எழும்பும்போது டிராமும் ஊரில் ஓடிக்கொண்டிருந்தது. வண்டிக்காரருக்கு மட்டும் இல்லை, டிராமில் போகிறவருக்கும் அந்தத் தலை தெரிந்திருக்கும்.

அதே சாலையில் இதற்கு அண்ணன்மார் இருவர். பி. ஆர் அண்ட் சன்ஸ் கடிகாரக் கடை, 1879, வரைந்தவர் ராபர்ட் சிஷோம். அதன் தலையில் மணிக்கூண்டு. கடிகாரம் விற்கிற கடை தன் தலையிலேயே கடிகாரம் வைத்துக்கொண்டால் அதைவிட வேறு விளம்பரம் வேண்டுமா? இரண்டாவது ஸ்பென்சர், 1890-களின் நடுவில் டபிள்யூ. என். போக்சன் வரைந்தது. 1983-ல் தீப்பிடித்து எரிந்தது. இன்று அந்த இடத்தில் இருக்கும் பிளாசாவுக்கும் அதற்கும் பெயர்தான் உறவு.

ஹிக்கின்பாதம்ஸ் கடையையும் பலர் விக்டோரியா கட்டடம் என்கிறார்கள். தொழில் 1844-ல் தொடங்கியது உண்மை, ஆனால் இப்போதுள்ள கட்டடம் 1904. ராணி 1901-லேயே காலமாகிவிட்டார். இது நுணுக்கம்தான், மன்னிக்கவும், என்னால் சொல்லாமல் இருக்க முடியாது.

#10 லீட்ஸ் மருமகள்

மணிக்கூண்டு என்றதும் நினைவு வந்தது. இங்கே தார்ன்டன்ஸ் ஆர்க்கேட் என்று 1878-ல் கட்டிய கடைவீதி ஒன்று, மேலே கண்ணாடிக் கூரை போட்டது. உள்ளே ஒரு கடிகாரம், பக்கத்தில் ராபின் ஹுட் முதலான ஆளுயரப் பொம்மைகள், நேரத்துக்கு மணி அடிக்கும். என் பையன் அதைப் பார்க்கவே கடைக்கு வருவான். அவன் நின்று பார்க்கிற நேரத்தில் நான் ஏதாவது வாங்கிவிடுவேன். 1878-ல் போட்ட திட்டம் இன்னும் வேலை செய்கிறது.

#11 கறார் கந்தசாமி

சரி, பெயர்ப்பலகை என்றே வைத்துக்கொள்வோம். ஏன் மொகலாயர் பாணிப் பலகை? சென்னையில் கடை, வியாபாரி இங்கிலீஷ்காரர், சாலையில் போகிறவன் தமிழன். இதில் டெல்லி ஆக்ரா எங்கே வந்தது? கட்டுவது என்றால் லண்டன் மாதிரி கட்டியிருக்கலாம், இல்லை நம் கோபுரம் மாதிரி கட்டியிருக்கலாம். இரண்டும் இல்லாமல் இந்த மினார் வைத்தது என்ன நேர்மை? மேலே இருந்து ஆள்கிறவன், நானும் பாதுஷாதான் என்று வேஷம் கட்டியிருக்கிறான். அதைக் கலை என்று நாம் கொண்டாட வேண்டுமா?

#12 பழைய பேப்பர்

கந்தசாமி கேட்பதில் நியாயம் இருக்கிறது. மொகலாயப் பாணியையும் உள்ளூர்ப் பாணியையும் ஐரோப்பியக் கட்டுமானத்தோடு கலந்து இந்தோ சாரசெனிக் என்று பெயர் வைத்த பாணியின் உள்ளே அந்த அரசியல் இருந்தது உண்மை. அரசு கட்டும்போது அது தெளிவாகவே தெரியும்.

ஆனால் சென்னையில் அது வெறும் டெல்லி நகல் மட்டும் இல்லை. இங்கே ஏற்கெனவே சேப்பாக்கம் மாளிகை இருந்தது, 1768-ல் ஆற்காடு நவாபுக்குக் கட்டியது. சிஷோம் சேப்பாக்கத்தில் வேலை செய்தபோது அதைப் பார்த்துத்தான் பக்கத்துக் கட்டடங்களை வரைந்தார். அவரே கேரளப் பக்கம் போய்விட்டு வந்து, 1884-ல் முடிந்த நம் தலைமைத் தபால் நிலையத்துக்குத் திருவிதாங்கூர்க் கோயில் கூரை மாதிரி தொப்பி வைத்தார். திருவனந்தபுரத்து நேப்பியர் மியூசியமும் அவர் கைதான். ஆக, கிடைத்ததை எல்லாம் எடுத்துக் கலந்தவர்கள் இவர்கள். இங்கிலாந்திலும் அதுதான் நடந்தது. பாங்கிக்கு இத்தாலிய அரண்மனை, ரயில் நிலையத்துக்குக் கோத்திக் சர்ச், என்று வேஷம் கட்டாத விக்டோரியாக் கட்டடமே குறைவு.

#13 கறார் கந்தசாமி

எல்லோரும் வேஷம் கட்டினார்கள் என்பது பதில் ஆகாது பேப்பர் சார். வேஷம் எவன் செலவில் என்பதுதான் கேள்வி.

#14 வாடகை பாக்கி

கடை ஸ்மித்துடையது. செலவும் அவருடையதுதான். கோர்ட்டுக்கு வேண்டுமானால் உங்கள் கேள்வி பொருந்தும்.

#15 சுண்ணாம்புக் கரண்டி

பாணி யாருடையதோ, உள்ளே இருக்கும் வேலை நம்முடையது. அதைச் சொல்லத்தான் மறுபடி வந்தேன். மினாரைப் பார்க்கிறவர்கள் கூரையைப் பார்ப்பதில்லை.

அந்தக் காலத்துச் சென்னைக் கட்டடங்களின் தளம் மெட்ராஸ் டெரஸ். தெற்கே கட்டைக்குத்து என்பார்கள். சுவருக்குச் சுவர் தேக்குக் கட்டைகள், ஒன்றரை அடிக்குள் இடைவெளி. அகலமான கூடம் என்றால் கட்டைகளைத் தாங்க நடுவே பெரிய உத்திரம், மரமோ இரும்போ. கட்டைகளுக்கு மேல் அச்சுக்கல். வழக்கமான செங்கல் இல்லை, 6 அங்குல நீளம், 3 அங்குல அகலம், 1 அங்குலக் கனம் உள்ள சன்னக் கல். அதைப் படுக்கவைக்க மாட்டோம். நெட்டுக்கு நிறுத்தி, கட்டைக்குக் குறுக்காகச் சாய்கோணத்தில், சுண்ணாம்புச் சாந்தில் ஒன்றை ஒன்று கவ்வும்படி அடுக்குவோம். அடியில் பலகை கிடையாது. அந்தரத்தில் கல்லைப் பிடித்து, ஐந்து எண்ணும்வரை கை வைத்திருந்து, விட்டால் நிற்கும். முதல் நாள் பார்க்கிற பொறியியல் மாணவன் வாயைப் பிளப்பான்.

அதன் மேல் மூன்று அங்குலம் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் மூன்று நாள் தட்டுவார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை இடையிடையே தெளிக்க வேண்டும். தட்டும் சத்தம் முதலில் சொத சொத என்று இருக்கும். மூன்றாம் நாள் டங் என்று கேட்கும். அப்போது நிறுத்தலாம். மீட்டர் வைத்துப் பார்ப்பதெல்லாம் இல்லை, காதுதான். அதற்கும் மேல் தட்டை ஓடு பதிப்போம்.

இந்தத் தளம் நூறு வருடம் நிற்கும், ஒரே நிபந்தனை, தண்ணீர் தேங்கக் கூடாது. மழைத்தண்ணீர் வெளியேறும் தூம்பு அடைத்துக்கொண்டால் போச்சு. தண்ணீர் சுண்ணாம்பு வழியே மெல்ல இறங்கிக் கட்டையின் முனைக்குப் போகும், சுவருக்குள் புதைந்திருக்கிறதே அந்த முனைக்கு. வெளியே பார்த்தால் கட்டை திடமாக இருக்கும். சுவருக்குள் இருக்கும் ஒரு முழம் புட்டு மாதிரி உதிரும். ஒரு நாள் கூரை மொத்தமும் இறங்கும்போதுதான் தெரியும். மினார், கும்மட்டம் வைத்த கட்டடங்களில் இந்த ஆபத்து இரட்டிப்பு. கும்மட்டத்தின் அடிவாரமும் தட்டைத் தளமும் சேரும் இடுக்குகளில்தான் சருகு சேரும், தூம்பு அடைக்கும். விளம்பரத்துக்கு வைத்த தலையே கட்டடத்துக்கு எமன்.

#16 வாடகை பாக்கி

கரண்டி சார், என் வீட்டுக் கதையைக் கேளுங்கள். திருவல்லிக்கேணியில் தாத்தா வீடு, இதே டெரஸ். மழைக்கு ஒழுகியது. ஒரு கான்ட்ராக்டர் வந்து, ‘இதெல்லாம் பழைய டெக்னிக், மேலே ரெண்டு இன்ச் சிமென்ட் போட்டுவிட்டால் ஜென்மத்துக்கும் ஒழுகாது’ என்றார். போட்டார். ஒழுகவில்லை, உண்மை. மூன்றாம் வருடம் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இலைக்குப் பக்கத்தில் ஒரு அச்சுக்கல் வந்து விழுந்தது. அண்ணாந்து பார்த்தால் கட்டை வில் மாதிரி வளைந்திருக்கிறது. அப்பா சாம்பார் சாதத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்தார், அது வேறு.

#17 சுண்ணாம்புக் கரண்டி

தம்பி, இது நான் வாரத்துக்கு ஒரு தடவை கேட்கும் கதை. சிமென்ட் இரண்டு தப்பு செய்கிறது. முதலாவது கனம், கட்டை தாங்காது. இரண்டாவது மூச்சு. சுண்ணாம்புத் தளம் ஈரத்தை வாங்கும், வெயிலில் திருப்பி விட்டுவிடும். மேலே சிமென்ட் மூடி போட்டால் உள்ளே போன ஈரத்துக்கு வெளியே வழி இல்லை. சுவர் பூச்சிலும் இதே கதைதான். கிளிஞ்சல் சுண்ணாம்பில் பூசிப் பளிங்கு மாதிரி தேய்த்த சுவர் மேல் பிளாஸ்டிக் பெயின்ட் அடிப்பார்கள். இரண்டே வருடத்தில் அப்பளம் மாதிரி கொப்பளித்து உரியும். அப்புறம் ‘பழைய கட்டடம் சார், அப்படித்தான் இருக்கும்’ என்பார்கள்.

#18 கறார் கந்தசாமி

நான் இதை எதிர்பார்க்கவில்லை. அந்தரத்தில் கல் நிற்பது எனக்குத் தெரியாத விஷயம். ஆனால் என் கேள்வி இன்னும் நிற்கிறது. காப்பாற்றி என்ன செய்வது? மறுபடி மருந்துக் கடையா? மியூசியம் என்று சொல்லாதீர்கள். இருக்கிற மியூசியத்துக்கே கூட்டம் இல்லை.

#19 லீட்ஸ் மருமகள்

கடைதான் அண்ணா. கடையாகக் கட்டியதைக் கடையாக வைத்திருப்பதில் என்ன கூச்சம்? இங்கே பழைய பாங்கிக் கட்டடத்தில் காபிக் கடை, சர்ச்சில் புத்தகக் கடை. முகப்பில் கை வைக்க அனுமதி வாங்க வேண்டும், உள்ளே வியாபாரம் நடக்கும். வியாபாரம் நடந்தால்தான் ஒருவன் மாடி ஏறித் தூம்பைக் குத்திவிடுவான்.

எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். எங்கள் தெரு முனையில் ஒரு கடை, மேல் இரண்டு மாடியும் அழகான விக்டோரியாச் செங்கல் வேலை. கீழே ஒட்டுத் தூண், தாங்கி எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பலகை போட்டு மூடிவிட்டார்கள். கீழே பார்த்தால் இன்று, தலை நிமிர்ந்தால் 1880. இரண்டுக்கும் நடுவே ஒரு டியூப் லைட்.

#20 பழைய பேப்பர்

மவுண்ட் ரோட்டிலும் அதே கதை நடந்தது. ராட்சத விளம்பரத் தட்டிகளுக்குப் பின்னால் பல வருடம் பழைய கட்டடங்களே தெரியவில்லை. நினைத்துப் பார்த்தால் வேடிக்கைதான். விளம்பரத்துக்காகவே கட்டிய தலையை வேறு எவருடைய விளம்பரமோ மறைத்துக்கொண்டிருந்தது.

கந்தசாமி கேள்விக்கு பி. ஆர் அண்ட் சன்ஸ்தான் என் பதில். கடிகாரக் கடையாகக் கட்டினார்கள், கடிகாரக் கடையாகவே நூறு வருடத்துக்கு மேல் ஓடியது. மெட்ரோ வேலைக்காகப் பின்பகுதியை இடித்தபோது ஊரே சத்தம் போட்டதற்கு அதுதான் காரணம். உள்ளே போய் ஸ்ட்ராப் மாற்றியவர்கள், பாட்டரி போட்டவர்கள் இந்த ஊரில் நிறைய இருந்தார்கள். கார்டைலுக்குள் காலடி வைத்தவர்கள் எத்தனை பேர் மிச்சம்?

#21 சுண்ணாம்புக் கரண்டி

என்னைக் கேட்டால் முதல் வேலை மினார் இல்லை. முதலில் கூரைக்கு ஒரு தற்காலிகத் தகரப் பந்தல். பிறகு தூம்பு. பிறகு செடி. பழைய சுவரில் அரசங்கன்று முளைத்தால் பார்க்கிறவர்கள் பிடுங்கிவிடுவார்கள், அதுதான் தப்பு. பிடுங்கினால் கூடவே நாலு செங்கல் வரும், உள்ளே மிச்சம் இருக்கும் வேர் அடுத்த மழைக்கு இரண்டாகத் துளிர்க்கும். அடியோடு அறுத்து, வெட்டுவாயில் மருந்து வைத்து, வேர் செத்துக் காய்ந்த பிறகு கல்லைப் பிரித்து எடுத்து, சுண்ணாம்பிலேயே திரும்பக் கட்ட வேண்டும். அலங்காரம் எல்லாம் கடைசியில். ஆனால் பணம் கொடுக்கிறவர்கள் மினாருக்குத்தான் முதலில் கொடுப்பார்கள், அதுதானே போட்டோவில் விழும்.

#22 கறார் கந்தசாமி

சரி, பந்தலுக்கு நானும் ஒரு தகரம் தருகிறேன். மினாருக்குத் தர மாட்டேன்.

#23 ஜன்னலோர சீட்டு

இன்று காலை வேண்டுமென்றே இரண்டு ஸ்டாப் முன்னால் இறங்கி நடந்து போனேன். கரண்டி சார் சொன்னது உண்மைதான். நடைபாதையில் பக்கத்தில் நின்றால் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை, அழுக்கும் அடைத்த வாசலும்தான். எதிர்ப்பக்கம் போய், பஸ்ஸில் வழக்கமாக உட்காரும் உயரத்துக்கு ஒரு கடைப் படிக்கட்டில் ஏறி நின்றேன். அப்போதுதான் முழுசாக வந்தது. மேல் விளிம்பில் பச்சையாக ஒரு செடி ஆடிக்கொண்டிருந்தது. அரசா ஆலா என்று அவ்வளவு தூரத்திலிருந்து தெரியவில்லை. போட்டோ எடுத்தேன், ராத்திரி இங்கே போடுகிறேன். கரண்டி சார், பார்த்துச் சொல்லுங்கள்.

#24 சுண்ணாம்புக் கரண்டி

போடுங்கள் சார். இலை நுனி வால் மாதிரி நீண்டிருந்தால் அரசு.